ஒரு சொட்டு ஆயிலும் ஒரு ரப்பர் வளையமும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இந்தப் பதிவு மெக்கானிக் ஷெட்டுல ஆரம்பிச்சு எங்கெங்கேயோ சுத்திட்டு திரும்ப ஷெட்டுக்கே வந்து முடியும். "ஆயில் சீல் மாத்தறது எப்படி"ன்னு தேடி வந்தவங்களுக்கும் நடுவுல விஷயம் இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க :)

மினசோட்டாவுல ஒரு சின்ன ஊர்லதான் நான் குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். போன வருஷம் நானும் என் ரூம்மேட்டும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பழைய ஏடிவி வாங்கினோம். ஏடிவின்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: நாலு குண்டு டயர், பைக் மாதிரி சீட்டு, ஹேண்டில்பார். கோவா பீச்சுல டூரிஸ்ட்டுங்களுக்கு வாடகைக்கு விடுவாங்களே, அதேதான். எங்க வண்டி ஏறக்குறைய எங்க வயசு. கியர் போடறது இடது காலால, நம்ம ஊர் பைக் மாதிரியே.

ரூம்மேட் நாகப்பட்டினத்துக்காரன். பேர் வேண்டாம், 'நாகை'ன்னே வெச்சுக்குவோம். அவன் பேர் பின்னால தேவைப்படாது, ஊர் தேவைப்படும்.

வாங்கின ரெண்டாவது வாரமே வண்டிக்கு அடியில இடது பக்கம் ஒரு சொட்டு ஆயில். நாகை சொன்னான், "மச்சி, ஒழுகுதுடா." நான் என்ன சொன்னேன்? "சொட்டுதானே மச்சி. அப்பப்போ டாப்-அப் பண்ணிக்கலாம்." சாஃப்ட்வேர்க்காரன் புத்தி. பக்ன்னு ஒண்ணு வந்தா சரி பண்றதுக்கு முன்னாடி அதை 'தெரிஞ்ச பிரச்சனை' லிஸ்ட்ல போட்டுட்டு, சுத்திப் போக ஒரு வழியும் எழுதி வெச்சுடுவோம் இல்லையா? அதே கதைதான்.

பனி உருகற சீசன்ல ஒரு நாள் காட்டுப் பாதையில போய்க்கிட்டு இருந்தோம். எஞ்சின்ல இருந்து டக் டக்னு ஒரு சத்தம். நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா நுனியில கூட ஆயில் இல்லை. இது காத்துல குளிர்ற எஞ்சின். ஆயிலும் இல்லாம இன்னும் பத்து நிமிஷம் ஓட்டியிருந்தா பிஸ்டன் இறுகி வண்டியை எடைக்குத்தான் போட்டிருக்கணும். சேத்துல மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தோம். நாகை வழி முழுக்க பேசலை. வீட்டு வாசல்ல வந்துதான் வாயைத் திறந்தான். "உன் ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பாக்கறியா? இதுல பாதி என் காசுடா."

பதில் சொல்ல ஒண்ணும் இல்லை. அந்த வார சனிக்கிழமை வண்டியை ஷெட்டுல ஏத்தினோம்.

எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கறது முதல் வேலை. ஆயில் எங்கேயோ கசிஞ்சு, காத்துல பின்னால போய், வேற எங்கேயோ சொட்டும். அதனால எஞ்சின் இடது பக்கத்தை சுத்தமா கழுவித் துடைச்சு, டால்கம் பவுடரைத் தூவிட்டு, புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். வெள்ளைப் பவுடர்ல பழுப்பா ஒரு கோடு. கோடு ஆரம்பிச்ச இடம், கியர் லிவர் மாட்டியிருக்கிற தண்டு எஞ்சினை விட்டு வெளியே வர்ற இடம். கியர் ஷாஃப்ட்டோட ஆயில் சீல்.

இங்கே நில்லுங்க. ஒரு எஞ்சின்ல ஆயில் உள்ளேயே இருக்கணும். ஆனா கால் வெளியே இருக்கு, கியர் உள்ளே இருக்கு. கால் சொல்றது கியருக்குப் போகணும்னா நடுவுல சுவர்ல ஒரு ஓட்டை போட்டு ஒரு தண்டை விட்டே ஆகணும். தண்டு அசையணும், அசையும்போது ஆயில் வெளியே வரக்கூடாது, சேறும் தண்ணியும் உள்ளே போகக்கூடாது. இந்த மூணையும் ஒண்ணா செய்யறது ரெண்டரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு ரப்பர் வளையம். விலை பத்து டாலருக்குள்ள.

பார்ட்ஸ் வர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் ராத்திரி உட்கார்ந்து இந்த வளையத்தோட ஜாதகத்தைத் தேட ஆரம்பிச்சேன். குற்ற உணர்ச்சின்னு கூட வெச்சுக்கலாம்.

தோல் காலம்

முதல்ல இந்த வண்டி எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அப்போதும் டீலர்கள் விற்க ஏதாவது ஒரு வண்டி வேண்டும் என்று அமெரிக்க ஹோண்டா கேட்டது. ஒசாமு தகேயூச்சி என்ற எஞ்சினியரின் குழு காற்றழுத்தம் ரொம்பக் குறைவான குண்டு டயர்களைப் போட்டு மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தது. 1970-ல் யூஎஸ்90 என்ற பெயரில் வந்தது. விலை 595 டாலர். பிறகு ஏடிசி90 என்று பெயர் மாறியது. நாலு சக்கர ஏடிவியை 1982-ல் சுசூகி கொண்டுவந்தது. மூணு சக்கரம் கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், அரசோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி 1988-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது.

நமக்கு வேண்டியது இதுதான்: பனி, சேறு, மணல், ஓடை எல்லாத்துலயும் போறதுக்குன்னே பிறந்த வண்டி. அதுல சேத்துக்கு ரொம்பப் பக்கத்துல, பூட்ஸ் காலுக்கு நேர் கீழே, கியர் ஷாஃப்ட்டோட அந்த ஓட்டை. சீலுக்கு இதைவிட மோசமான வேலை கொடுக்க முடியாது.

ஆனா 'அசையற தண்டைச் சுத்திக் கசியாம பாக்கறது' ஏடிவியைவிட ரொம்பப் பழைய தலைவலி. 1712-ல் தாமஸ் நியூகோமன் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நீராவி எஞ்சின் போட்டபோது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி தாராளமாக இருந்தது. அவர் பிஸ்டன் விளிம்பில் தோலை வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீரையும் ஊற்றி வைத்தார். தண்ணீர்தான் சீல்! ஜேம்ஸ் வாட் சிலிண்டரை எப்போதும் சூடாக வைக்க விரும்பியவர், அதனால் அந்தத் தண்ணீர் அவருக்கு ஆகவில்லை. சணலைத் திரித்து மாட்டுக் கொழுப்பில் தோய்த்து அடைத்தார்.

1795-ல் இங்கிலாந்தில் ஜோசஃப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏற ஏற தண்டைச் சுற்றித் தண்ணீர் பீச்சி அடித்தது. இறுக்கிக் கட்டினால் தண்டு நகர மறுத்தது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் வழி கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். தோலை வளைத்து, உதடு மாதிரி மடித்து, உதட்டின் உள்பக்கம் அழுத்தம் வரும் திசையைப் பார்க்கும்படி வைத்தார். அழுத்தம் ஏறினால் உதடு தண்டோடு இன்னும் நெருங்கி ஒட்டும். அழுத்தம் இறங்கினால் தளர்ந்துவிடும். யாரும் இறுக்க வேண்டாம்.

எங்க ஏடிவி சீல்லயும் ஒரு உதடு இருக்கு. மெக்கானிக்குங்க இங்கிலீஷ்ல அதை 'லிப்'னே சொல்றாங்க. இருநூறு வருஷத்துக்கும் மேலான ஐடியா, பொருள்தான் மாறியிருக்கு.

தோல்ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் வளர்ந்தது ஆம்பூர். தோல் ஷாப் வாசனைக்கு மூக்கு பழகி, ஒரு கட்டத்துல அது வாசனையாவே தெரியாம போன ஊர். எஞ்சினுக்கும் தோலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும்னு அப்போ யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

வைன்ஹைம்

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் ஆயில் கசிவோடு சண்டை போடவே இல்லை, சமாதானமாகப் போய்விட்டன. ஆயிலை எஞ்சினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அது எரிந்தும் ஒழுகியும் தீரும். தீர்ந்தால் திரும்ப ஊற்றணும். 'முழு நஷ்ட' முறை என்றே அதற்குப் பெயர். ஹார்லி டேவிட்சனில் ஆயில் சுற்றிச் சுற்றி வரும் முறை 1936-ல்தான் பெரிய எஞ்சினுக்கு வந்தது. (அதாவது நான் நாகைகிட்ட சொன்ன 'டாப்-அப் பண்ணிக்கலாம்' ஒரு காலத்துல அதிகாரபூர்வ எஞ்சினியரிங். ஹி ஹி.)

வண்டிகள் வேகமாகி, எஞ்சின் சூடாகி, கியர்பெட்டியில் ஆயில் நிரந்தரமாக நிற்க வேண்டிய காலம் வந்தபோது நல்ல சீல் தேவைப்பட்டது. அப்போதைக்குக் கிடைத்த நல்ல பொருள் தோல்தான். அமெரிக்காவில் 1878-ல் தொடங்கிய சிகாகோ ராஹைட் என்ற தோல் கம்பெனி இந்தப் பக்கம் வந்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் ஃப்ராய்டன்பெர்க் குடும்பம். 1849-ல் தொடங்கிய தோல் பதனிடும் தொழிற்சாலை. 1929-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது தோல் வியாபாரமும் சரிந்தது. கையில் இருக்கும் தோலை வேறு எதற்கு விற்கலாம் என்று தேடியவர்கள் வண்டிகளுக்குத் தோல் சீல் செய்ய ஆரம்பித்தார்கள். வால்டர் சிம்மர் என்ற ஆஸ்திரிய எஞ்சினியர் அங்கே உருவாக்கிய சீல் 1932-ல் வந்தது. தோல் உதடு, அதைத் தாங்க உலோகக் கூடு. அதன் பெயர் 'சிம்மர்ரிங்'. நம்ம ஊர்ல எந்த மெஷின்ல எடுத்தாலும் 'ஜெராக்ஸ்'னு சொல்ற மாதிரி, ஜெர்மன்காரங்க எந்த ஆயில் சீலையும் சிம்மர்ரிங்னு சொல்வாங்களாம்.

தோலுக்கு ரெண்டு கெட்ட குணம். சூடு ஏறினால் விறைத்துப் போகும். உயிருள்ள தோலில் இருந்த நுண்துளைகள் பதனிட்ட பிறகும் போகாது, மெல்லக் கசியும். அப்போ ரப்பர் போட்டா என்ன? ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் வித்தையை சார்ல்ஸ் குட்இயர் 1839-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் மரத்தில் இருந்து வரும் ரப்பருக்கு எண்ணெய் எமன். இயற்கை ரப்பரை எஞ்சின் ஆயிலில் போட்டால் அதை உறிஞ்சி ஊதிப்போய் பலமில்லாமல் ஆகிவிடும். ரெண்டுமே ஹைட்ரோகார்பன், ஒண்ணோட ஒண்ணு சுலபமா கலந்துடும். பன்னெண்டாங் கிளாஸ் வேதியியல்.

எண்ணெயோடு ஒட்டாத ரப்பர் வேண்டும். ஐஜி ஃபார்பன் என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியில் எரிக் கொன்ராட், எட்வார்ட் சுங்கூர் என்ற இருவர் பியூட்டடையீனோடு அக்ரிலோநைட்ரைலைச் சேர்த்து அதைச் செய்தார்கள். 1934-ல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நைட்ரைல் பகுதி எண்ணெயைத் தள்ளி நிறுத்தும், பியூட்டடையீன் பகுதி ரப்பர் மாதிரி வளையும். பெயர் பூனா-என். 1936-ல் ஃப்ராய்டன்பெர்க் செயற்கை ரப்பரில் சிம்மர்ரிங் செய்தது. நான் ஆர்டர் பண்ணின சீலும் நைட்ரைல்தான்.

இந்த இடத்துல கதையை முடிச்சிருந்தா நல்ல 'விஞ்ஞானிகள் வாழ்க' பதிவா இருந்திருக்கும். ஆனா 1936, ஜெர்மனி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

பூனாவும் பால்மரமும்

ஹிட்லர் அரசு 1936-ல் நான்காண்டுத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. போர் வந்தால் வெளியிலிருந்து எதுவும் வராது. பெட்ரோல், ரப்பர் எல்லாம் உள்ளேயே செய்யணும் என்பது அதன் சாரம். பூனா ரப்பர் குடும்பம் அந்தத் திட்டத்தின் செல்லப்பிள்ளை ஆனது. போர் நடுவே ஐஜி ஃபார்பன் ஒரு பெரிய பூனா தொழிற்சாலையைக் கட்டத் தேர்ந்தெடுத்த இடம், போலந்தில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் பக்கத்தில். கூலி ஆட்கள் அந்த முகாமின் கைதிகள். 1942 அக்டோபரில் அவர்களுக்காகவே மோனோவிட்ஸ் என்ற தனி முகாம் திறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையாலும் பசியாலும் செத்தார்கள். வேலை செய்யத் தெம்பு போனவர்களை விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். ப்ரீமோ லெவி என்ற இத்தாலிய யூத வேதியியலாளர் 1944-45-ல் அங்கே இருந்து உயிரோடு வந்து அதை எழுதினார். அத்தனை பேரைக் கொன்ற அந்தத் தொழிற்சாலையில் கடைசி வரை ஒரு கிலோ பூனா ரப்பர் கூட உற்பத்தி ஆகவில்லை.

சிம்மர்ரிங் செய்த குடும்பமும் சுத்தம் இல்லை. தோல் தட்டுப்பாட்டால் மாற்றுப் பொருளில் ஷூ செய்ய வேண்டி வந்தது. அந்த ஷூ எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க சாக்சன்ஹவுசன் முகாமில் ஒரு நடைபாதை போட்டார்கள். கைதிகள் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் அந்த ஷூக்களைப் போட்டு நடக்கணும். விழுந்தவர்கள் செத்தார்கள். தங்கள் பொருட்களை அங்கே சோதித்த கம்பெனிகளில் ஃப்ராய்டன்பெர்க்கும் ஒன்று. 2016-ல், அந்தக் கம்பெனியே கேட்டு ஒரு வரலாற்றாசிரியர் எழுதிய ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. ஆம்பூர்ல ஷூ கம்பெனிகளுக்கு நடுவுல வளர்ந்தவனுக்கு இதைப் படிச்சிட்டு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் சாப்பிடும்போது நாகைகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கோபம் ஓரளவு தணிஞ்சிருந்தது. "சரிடா, அப்போ மத்தவங்க ரப்பருக்கு என்ன பண்ணாங்க?"ன்னு கேட்டான். அது மலாயா கதை.

1876-ல் பிரேசிலில் இருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் பிறகு மலாயாவுக்கும் வந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்து கார் டயர் வந்ததும் மலாயா முழுக்க ரப்பர் எஸ்டேட். காட்டை வெட்டவும் பால் எடுக்கவும் ஆள்? நம்ம ஆட்கள்தான். சென்னையில் இருந்தும் நாகப்பட்டினத்தில் இருந்தும் கப்பல் கப்பலாகப் போனார்கள். ரப்பர் மரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பால்மரம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து மரம் மரமாகப் பட்டையைச் சீவி, வடியும் பாலைச் சேர்த்தார்கள். உலகத்தின் டயர்களுக்குப் பின்னால் அந்தக் கைகள் இருந்தன.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. தென்கிழக்கு ஆசிய ரப்பர் மொத்தமும் ஜப்பான் கைக்குப் போனதால் அமெரிக்கா பதறிக்கொண்டு செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளைக் கட்டியது. இந்தப் பக்கம் மலாயாவில் வாங்க ஆள் இல்லாமல் எஸ்டேட்கள் நின்றன. கூலி நின்றது, அரிசி நின்றது. அப்போது ஜப்பான் ராணுவம் சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் தேடியது. வேலையில்லாத எஸ்டேட் தமிழர்களை ஆசை காட்டியும் பிடித்தும் ரயில் ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்த தமிழர்கள் பல்லாயிரம். பலருக்குப் பெயர்ப்பட்டியல் கூட இல்லை. 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தால் அந்த ரயில் பாதை உலகப் புகழ் பெற்றது. படத்தின் கதை முழுக்க வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைச் சுற்றித்தான்.

நாகை சாப்பிடறதை நிறுத்திட்டான். "எங்க பாட்டியோட அப்பா மலாயா போனவர்டா. பாட்டி கைக்குழந்தையா இருக்கும்போது கப்பல் ஏறினாராம். நாப்பத்தொண்ணுல லெட்டர் வர்றது நின்னு போச்சு. அவ்வளவுதான் தெரியும்."

மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். இதை அவன் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

எப்படி வேலை செய்யுது?

வியாழக்கிழமை சீல் வந்துச்சு. கையில வெச்சு சுத்திச் சுத்திப் பார்த்தேன். 14, 24, 5ன்னு மூணு நம்பர். உள் விட்டம், வெளி விட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டர்ல. கூடவே என்ஓகேன்னு மூணு எழுத்து. அது ஜப்பானிய ஆயில் சீல் கம்பெனி, 1960-ல் இருந்து வைன்ஹைம் ஃப்ராய்டன்பெர்க்கோட கூட்டாளி. போர் முடிஞ்சு பதினஞ்சே வருஷத்துல ஜெர்மன் தோல்காரரோட வித்தை ஜப்பானிய வண்டிக்குள்ள வந்திருக்கு.

வளையத்தோட ஒரு பக்கம் வழவழன்னு மூடியிருக்கும். மறுபக்கம் ஒரு பள்ளம், அதுக்குள்ள முடி மாதிரி மெல்லிசா ஒரு சுருள் ஸ்பிரிங் வட்டமா படுத்திருக்கும். அந்த ஸ்பிரிங்தான் உதட்டைத் தண்டோட அணைச்சுப் பிடிக்குது. ரப்பர் வயசாகி விறைச்சாலும் ஸ்பிரிங் கொஞ்ச காலம் காப்பாத்தும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். வேகமாகச் சுற்றும் தண்டில் இந்த ரப்பர் உதடு ஏன் உரசித் தேய்ஞ்சு தீர்ந்துபோகலைன்னு ரொம்ப நாளைக்குப் புரியவில்லை. ரப்பர் சீல் வந்து ரெண்டு பத்தாண்டு கழித்து, 1957-ல், ஜாகர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று காட்டினார். சீல் எண்ணெயின் மேலேதான் சவாரி செய்கிறது! அப்படியென்றால் அந்த எண்ணெய் ஏன் வெளியே வழியவில்லை? உதட்டின் ரெண்டு பக்கச் சரிவும் ஒரே மாதிரி இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்து, காற்றுப் பக்கம் சாய்வு. இதனால் தண்டு சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உதடே உள்ளே பம்ப் செய்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சீலைத் திருப்பி மாட்டினால் அதே பம்ப் எண்ணெயை வெளியே தள்ளும்.

ஏன் ஓடுதுன்னே தெரியாம இருபது வருஷம் லட்சக்கணக்கான வண்டிகள்ல ஓடின ஒரு பொருள். கமெண்ட் எழுதாத பழைய கோடு மாதிரி :)

கியர் ஷாஃப்ட் சுத்தறதில்லை, காலால மிதிக்கும்போது கொஞ்சம் திரும்பி வரும், அவ்வளவுதான். அதனால இங்கே பம்ப் வித்தை பெரிசா நடக்காது. உதட்டோட பிடிதான் எல்லாம். உதடு விறைச்சாலோ, காய்ஞ்ச சேறு தண்டுல உரசிக் கோடு போட்டாலோ, கதை முடிஞ்சது. நாங்க வேற ஒவ்வொரு தடவையும் பிரஷர் வாஷரை நேரா அந்த இடத்துல காட்டி சேத்தை சீலுக்குள்ளேயே அடிச்சிருக்கோம். குற்றவாளி நாங்கதான்.

சனிக்கிழமை

எங்க எஞ்சின்ல இந்த சீலை வெளியில இருந்தே மாத்தலாம். (சில எஞ்சின்ல பக்கவாட்டு மூடியைக் கழட்டணும். மேனுவலைப் பாருங்க.) ஆயிலை வடிச்சோம். லிவருக்கும் தண்டுக்கும் நேரா ஒரு அடையாளம் போட்டுட்டு போல்ட்டைக் கழட்டி லிவரை உருவினோம். அடையாளம் போடலேன்னா திரும்ப மாட்டும்போது லிவர் ஒரு பல் தள்ளி நிக்கும், காலுக்கு எட்டாது. சுத்தி இருந்த சேத்தை பிரஷ்ஷால துடைச்சோம். இப்போ உள்ளே விழற ஒவ்வொரு மணலும் கியருக்குத்தான் போகும்.

பழைய சீலை நெம்பினேன். கொக்கி தண்டுல பட்டுடாம பாத்துக்கணும், ஒரு கீறல் விழுந்தா புது சீலும் ஒழுகும். மூணாவது நெம்புல வந்துச்சு. கல்லு மாதிரி இறுகியிருந்தது. உதட்டுல ஒரு இடத்துல விரிசல். திருப்பிப் பார்த்தா பள்ளம் காலி. ஸ்பிரிங் இல்லை!

ரெண்டு பேருக்கும் முகம் வெளுத்துடுச்சு. ஸ்பிரிங் எஞ்சினுக்குள்ள விழுந்திருந்தா எஞ்சினையே பிரிக்கணும். டார்ச் அடிச்சு, காந்தக் குச்சியை விட்டு, பதினஞ்சு நிமிஷம். நான் "விடு மச்சி, உள்ளே விழுந்திருக்காது"ன்னு சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தாலதானே இங்க வந்து நிக்கறோம். இன்னும் அஞ்சு நிமிஷம் தேடினப்புறம் நாகைதான் கண்டுபிடிச்சான். துடைச்சுப் போட்ட துணி மடிப்புல கிரீஸோட ஒட்டிக்கிட்டு இருந்தது.

புது சீல் மாட்டறது சுலபம், அவசரப்படலேன்னா. தண்டு நுனியில இருக்கிற பற்கள் உதட்டைக் கிழிச்சுடும், அதனால அதுமேல மெல்லிசா டேப் சுத்தினோம். உதட்டுல கிரீஸ் தடவி, ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்க்க வெச்சு, சீலோட வெளி விட்டத்துக்குச் சரியான சாக்கெட் ஒண்ணை மேல வெச்சு மெல்ல மெல்லத் தட்டினோம். கோணலாப் போகாம, பழைய சீல் இருந்த ஆழத்துக்கு. டேப்பை உருவி, லிவரை அடையாளத்துல மாட்டி, ஆயில் ஊத்தினோம். ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, வண்டிக்கு அடியில ஒரு பீட்சா பெட்டியைப் பிரிச்சுப் போட்டுட்டுத் தூங்கப் போனோம்.

காலையில நாகைதான் முதல்ல எழுந்து ஷெட்டுக்குப் போனான். "டேய், அட்டை காஞ்சு கெடக்குடா!"ன்னு அங்கிருந்தே கத்தினான். ரெண்டு மாசம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு இல்லை.

அன்னிக்கு அவன் ஊருக்கு ஃபோன் போட்டு பாட்டிகிட்ட பேசினான். அவங்க அப்பா எந்த எஸ்டேட்டுல இருந்தார்னு கேட்டிருக்கான். அவங்களுக்கு எண்பத்தஞ்சு வயசுக்கு மேல. "கெடா பக்கம்னு எங்கம்மா சொல்லுவா. எஸ்டேட் பேரு தெரியாதுய்யா. இத்தனை வருஷம் கழிச்சு நீ ஏன் கேக்கற?"ன்னு கேட்டாங்களாம். இவன் ஆயில் சீல் மாத்தினோம்னு ஆரம்பிச்சு ஏதோ விளக்கியிருக்கான். பாட்டிக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ரொம்ப நேரம் பேசினாங்களாம்.

பழைய சீலும் ஸ்பிரிங்கும் என் மானிட்டர் பக்கத்துல ஒரு டப்பாவுல இருக்கு. ஆபீஸ்ல யாராவது "இது சின்ன பிரச்சனைதான், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னா அந்த டப்பாவைத் திறந்து பாக்கறேன். மெனக்கெட்டு இதை நாகை முன்னாடியே எழுதிட்டு இருக்கேன். படிச்சிட்டு, "பாதி காசு உன்னுதுங்கறதை மட்டும் மறந்துடாதே"ங்கறான்.

டிஸ்கி: பிரஷர் வாஷரை எந்த சீல் மேலயும் நேரா அடிக்காதீங்க. அப்புறம், உங்க வீட்டுலயும் மலாயா, பர்மா, சயாம் போய் லெட்டர் நின்னு போன யாராவது இருந்தா, ஊர் பேர், எஸ்டேட் பேர் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுடுங்க. அதையும் நான் 'அப்புறம் பாத்துக்கலாம்' லிஸ்ட்லதான் வெச்சிருந்தேன்.